சாட்சிக்கும் இரங்கலுக்கும் இடையில்

இந்தியத் திருச்சபைகளில் புற்றுநோயைப் பற்றிப் பேசுவதற்கு இரண்டு வடிவங்கள் நன்கு பழகிப்போயிருக்கின்றன. ஒன்று சாட்சி: நோய் வந்தது, சபை ஜெபித்தது, கர்த்தர் சுகமாக்கினார் என்று நலம் பெற்றவர் எழுந்து நின்று சொல்வது. மற்றொன்று இரங்கல்: நோயுற்றவர் இறந்தபின் அடக்க ஆராதனையில் பிறர் அவரைப் பற்றிச் சொல்வது. முன்னதில் நோய் முடிந்துவிட்டது. பின்னதில் வாழ்வு முடிந்துவிட்டது. இவ்விரண்டுக்கும் இடையில், மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ மருந்தேற்றிக்கொண்டு, அடுத்த ஸ்கேன் முடிவுக்காகக் காத்திருக்கும் ஒருவர் ஞாயிறு காலையில் ஆலயத்துக்கு வருகிறார். அவர் பேசுவதற்கென்று அங்கே ஒரு வடிவம் இல்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு, தேவ கிருபையால் நன்றாக இருக்கிறேன் என்ற ஒற்றை விடையே அவருக்கு வாய்க்கிறது.

இந்த மௌனத்தை நோயாளியின் விசுவாசக் குறைவாகக் கொள்ளும் வழக்கம் பரவலாக உள்ளது. அதைப் பேச்சு வகைமையின் குறைவு என்று கொள்வதே பொருத்தம். வேதாகமத்தின் நடுவில் அமைந்த சங்கீதப் புத்தகம், கத்தோலிக்கர் திருப்பாடல்கள் என வழங்குவது, சிகிச்சைக் காலத்துக்கு உரிய மொழியை நெடுங்காலமாகத் தன்னிடம் வைத்திருக்கிறது. முறையீடு என்னும் அந்த வகைமையைச் சபைகள் வழிபாட்டிலிருந்து நழுவவிட்டதால் நோயாளிகள் ஆறுதலை இழக்கிறார்கள். சில வேளைகளில் சிகிச்சையையே இழக்கும் அபாயமும் அதில் உண்டு.

சாட்சியின் இலக்கணத்தை நோக்கினால் இது விளங்கும். அதன் பயனிலைகள் இறந்தகால வினைமுற்றுகள். எழுவாய் இறைவன், செயப்படுபொருள் நோயாளி. அறுவை செய்த மருத்துவரும், மருந்தேற்றிய செவிலியரும், நிலத்தை அடகு வைத்துப் பணம் புரட்டிய குடும்பமும் பெரும்பாலும் வாக்கியத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றனர். நன்றி கூறும் வடிவம் என்ற அளவில் சாட்சிக்கு உரிய மதிப்பு உண்டு. பிழைத்தவர் நன்றி சொல்லலாகாது என்று எவரும் கூறமாட்டார். அதுவொன்றே அனுமதிக்கப்பட்ட வடிவமாக ஆகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

புற்றுநோய் மருத்துவர்கள் இறந்தகாலத்தை மிகுந்த தயக்கத்துடன் கையாள்பவர்கள். சிகிச்சை நல்ல பயன் தந்தபின்னும், நோய் போய்விட்டது என்று சொல்வதைவிட, இப்போதைய பரிசோதனைகளில் நோய்க்கான தடயம் தென்படவில்லை என்று சொல்வதையே அவர்கள் விரும்புவார்கள். மார்பகப் புற்றுநோய் பல ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடும். ஆதலால்தான் மறுபரிசோதனைகள் ஆண்டுக்கணக்கில் தொடர்கின்றன. ஹார்மோன் சார்ந்த வகையாயின் 5 முதல் 10 ஆண்டுகள்வரை மாத்திரை உட்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆலயத்தில் முற்றுப்பெற்ற வினையைச் சொல்லிவிட்ட ஒருவருக்கு இந்தத் தொடர்ச்சியே முரணாகத் தோன்றத் தொடங்குகிறது. சுகமாயிற்று என்று சொன்னபின் மீண்டும் ஏன் மருத்துவமனை? மாத்திரையைத் தொடர்வது கர்த்தரைச் சந்தேகிப்பது ஆகாதா? இத்தகைய கேள்விகளை யாரும் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. நோயாளியே தம்மிடம் கேட்டுக்கொள்வார். நோய் திரும்பிவிட்டால் நிலைமை இன்னும் கடினம். சொல்லிவிட்ட சாட்சியைத் திருத்திச் சொல்லும் வடிவம் எதுவும் சபையில் இல்லை. அவர் பின்வரிசைக்கு நகர்கிறார். பிறகு வராமலே இருந்துவிடுகிறார்.

மறுமுனையில் உள்ள இரங்கல் வடிவம் எவ்வளவு வளமாக இருக்கக்கூடும் என்பதற்கு மிசோரம் சிறந்த சான்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அம்மாநிலத்தில் சுமார் 87 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கையில், வயதுக்கேற்பச் சரிசெய்த கணக்கில், ஆண்களிடையே புற்றுநோய் நிகழ்வு மிக அதிகமாகப் பதிவானது ஐஸ்வால் மாவட்டத்தில்தான்: லட்சம் பேருக்கு 269.4. வேதாகமம் படிக்கும் வீடுகளும் புற்றுநோய் நுழைந்த வீடுகளும் அங்கே பெரும்பாலும் ஒன்றே. அச்சமூகம் மரணத்தை எதிர்கொள்ளும் முறை வியக்கத்தக்கது. ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்தால், 1935இல் தோன்றிய இளம் மிசோ சங்கத்தின் இளைஞர்கள் கல்லறை தோண்டுவது முதல் துக்க வீட்டாருக்குத் துணையிருப்பது வரை அனைத்தையும் தம் பொறுப்பாக ஏற்கின்றனர். ஊரார் அவ்வீட்டில் கூடி, தோல்முரசின் மெல்லிய ஒலியோடு லெங்க்கோம் ஸாய் என்னும் பாடல்களை இரவில் நெடுநேரம் பாடுகின்றனர். கிறிஸ்தவ நம்பிக்கையும் மிசோ மரபின் ஏக்கமும் கலந்த பாடல்கள் அவை. துயரைத் தனியொருவர் சுமக்க விடாத சமூகம் அது. ஆயினும் இந்த ஏற்பாடு முழுமையும் மரணத்துக்குப் பின்னரே தொடங்குவது. ஐஸ்வாலிலிருந்து குவாஹாத்திக்கோ மும்பைக்கோ வேலூருக்கோ சிகிச்சைக்காக வந்து, மொழி புரியாத ஊரில் வாடகை அறையில் மாதக்கணக்கில் தங்கும் ஒருவரைச் சுற்றி அப்படி ஒரு பாட்டுக் கூட்டம் கூடுவதில்லை.

இந்த வேறுபாட்டைத் தமிழ்ப் பொருளிலக்கணம் முன்பே அறிந்திருந்தது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறும்போது இழவை ஒன்றாகவும் அசைவை வேறொன்றாகவும் வைக்கிறது. அசைவு என்பது முன்னிருந்த நிலை கெட்டு, தான் வேறாகிவிட்டதை எண்ணி வருந்துவது என்று பேராசிரியர் உரை கொள்ளும். கையறுநிலையும் ஒப்பாரியும் இழவின் மொழி. சிகிச்சையில் இருப்பவரின் துயரம் அசைவின்பாற்பட்டது. அவர் இறக்கவில்லை, அவரைச் சார்ந்தோர் எவரையும் இழக்கவும் இல்லை. ஆனால் கண்ணாடியில் தெரியும் முகம் அவருடையதாக இல்லை.

சிகிச்சைக் காலத்தின் இயல்பைச் சற்று நினைவுகொள்வது நல்லது. கீமோ மருந்து வேகமாகப் பெருகும் உயிரணுக்களைத் தாக்குவது. ஆதலால் புற்றணுக்களோடு மயிர்க்கால்களும் வாயின் உட்படலமும் எலும்பு மச்சையும் பாதிக்கப்படுகின்றன. முடி உதிர்கிறது, வாய் புண்ணாகிறது, வெள்ளையணுக்கள் குறையும் நாட்களில் சிறு காய்ச்சலும் உயிருக்கு ஆபத்தாகலாம். உணவில் உலோகச் சுவை ஏறுகிறது. படித்த வரி மனத்தில் தங்குவதில்லை. கதிர்வீச்சாயின் பலருக்கு வாரத்துக்கு 5 நாட்களாகச் சில வாரங்கள் தொடர்கிறது. இவற்றையெல்லாம்விட நோயாளிகள் கடினமானதாகக் கூறுவது ஸ்கேன் எடுத்த நாளுக்கும் முடிவு கைக்கு வரும் நாளுக்கும் இடைப்பட்ட காலம். அந்நாட்களுக்கு உரிய காலம் நிகழ்காலம் மட்டுமே. முடிந்தது என்று சொல்ல ஒன்றுமில்லை. முடியும் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

சங்கீதங்களின் பெரும்பகுதி இந்த நிகழ்காலத்தில் நின்றே பேசுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சங்கீதங்களை வகைமை அடிப்படையில் பகுத்த ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் குங்கெல், தனிமனித முறையீடே அப்புத்தகத்தின் அடிப்படைச் சரக்கு என்று கண்டார். புகழ்ச்சிப் பாடல்களின் தொகுப்பு என்று பொதுவாக நம்பப்படும் நூலில் எண்ணிக்கையால் முந்தி நிற்பது அழுகைதான். 6ஆம் சங்கீதத்தில் ஒருவர் பெருமூச்சால் இளைத்து, இரவெல்லாம் படுக்கையைக் கண்ணீரால் நனைக்கிறார். 13ஆம் சங்கீதம், இன்னும் எவ்வளவு காலம் என்னும் பொருளில் நான்கு முறை கேட்கிறது. 38ஆம் சங்கீதத்தில் நோயுற்றவரை விட்டு நண்பர்கள் விலகி நிற்கின்றனர். 102ஆம் சங்கீதத்தில் உணவு உண்ணவே மறந்துபோகும் அளவுக்கு ஒருவர் வாடியிருக்கிறார். அவருடைய எலும்புகள் எரிகின்றன. கீமோ ஏற்றிய மூன்றாம் நாளில் இருப்பவருக்கு இவற்றுக்கு உரை தேவைப்படாது.

பெரும்பாலான முறையீடுகள் இறுதியில் நம்பிக்கைக்கோ துதிக்கோ திரும்புகின்றன. 88ஆம் சங்கீதம் அப்படித் திரும்புவதில்லை. அது இருளைச் சொல்லி அங்கேயே நின்றுவிடுகிறது. அத்தகைய பாடலை நீக்காமல் வேதத்தில் வைத்துக் காத்தவர்கள், விடிவு வராத இரவிலும் ஒருவர் ஜெபிக்கக்கூடும் என்பதை அறிந்தே வைத்திருக்க வேண்டும். கவனிக்க வேண்டியது, அந்தப் பாடலும் இறைவனை முன்னிலையில் அழைத்தே பேசுகிறது என்பது. முறையீட்டில் விசுவாசம் இருக்கும் இடம் அந்த முன்னிலை விளிதான். எதிரே கேட்பவர் இல்லை என்று முடிவு செய்தவர் முறையிடமாட்டார்.

யோபுவின் புத்தகம் இதே வேறுபாட்டை நாடகமாகவே அமைத்திருக்கிறது. யோபுவின் மூன்று நண்பர்கள் முதல் ஏழு நாட்கள் அவரோடு தரையில் மௌனமாக அமர்ந்திருந்தனர். அவர்கள் செய்தவற்றில் சிறந்தது அதுவே. பேசத் தொடங்கியபின் அவர்கள் இறைவனைப் பற்றிப் படர்க்கையில் விளக்குகின்றனர். துன்பத்துக்குக் காரணம் கற்பிக்கின்றனர். அவர்களுள் ஒருவரும் இறைவனை நோக்கி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. யோபு மட்டுமே அவ்வப்போது அவர்களை விட்டுத் திரும்பி, இறைவனை முன்னிலைப்படுத்தி வழக்காடுகிறார். 42ஆம் அதிகாரத்தில் தீர்ப்பு வரும்போது, இறைவனைப் பற்றிச் சரியாகப் பேசியவராக யோபுவே ஏற்கப்படுகிறார். இறையியலை முறையாகச் சொன்னவர்கள் கண்டிக்கப்பட, கோபத்தோடு முறையிட்டவர் ஏற்கப்படும் நூலைக் கையில் வைத்துக்கொண்டு, நோயாளியிடம் முறுமுறுக்காதே என்று சொல்வது எவ்வகையில் பொருந்தும்?

இதற்கு எதிராக இரண்டு வாதங்கள் எழலாம். முதலாவது சபைக்குள்ளிருந்து வருவது: முறையீட்டுக்கு இடம் கொடுத்தால் நம்பிக்கை தளரும், தளர்ந்தால் சுகம் தடைப்படும் என்பது. புதிய ஏற்பாடு இதற்கு இடம் தரவில்லை. கெத்செமனேயில் இயேசு துன்பப் பாத்திரம் நீங்கும்படி மன்றாடினார், அது நீங்கவில்லை. சிலுவையில் அவர் எடுத்துக்கொண்ட சொற்கள் 22ஆம் சங்கீதம் என்னும் முறையீட்டின் தொடக்கமே. பவுல் தம் உடலில் இருந்த முள் அகலும்படி மூன்று முறை வேண்டியதாகக் கொரிந்தியருக்கு எழுதினார், அது அகலவில்லை. இவர்களின் விசுவாசத்தில் குறை கண்டவர் யாருமில்லை. யோவான் 9ஆம் அதிகாரத்தில், பிறவிக் குருடனைக் கண்டு இவன் பாவமா பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, அந்தக் கேள்வியின் அடிப்படையையே இயேசு மறுத்துவிட்டார். அதே கேள்வி இன்றும் வேறு உருவில் நோயாளியின் கட்டிலருகே வருகிறது: என்ன சாப்பிட்டார், புகைத்தாரா, வீட்டில் ஏதேனும் சாபம் உண்டா? புகையிலை புற்றுநோய்க்குக் காரணம் என்பது மருத்துவ உண்மை. அதைப் பள்ளியிலும் சந்தையிலும் உரக்கச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே நோயுற்றவரின் தலைமாட்டில் அதைச் சொல்வது தடுப்புப் பணியாகாது.

வளமைச் செய்தியின் வரலாற்றை ஆராய்ந்து 2013இல் நூல் எழுதிய கேட் போலர் என்னும் வரலாற்றாசிரியருக்கு, 2015இல் தமது 35ஆம் வயதில், நான்காம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. சரியான விசுவாசம் உடல்நலத்தைத் தரும் என்னும் போதனையை ஆய்வுப்பொருளாகக் கொண்டவர், அதே போதனை தம் நோய்ப்படுக்கைக்கு ஆறுதல் மொழியாக வந்து சேர்வதைக் கண்டார். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் உண்டு என்ற தேற்றுரையையே விசாரணைக்கு உட்படுத்தி அவர் 2018இல் நூல் வெளியிட்டார். அவர் கிறிஸ்தவ நம்பிக்கையைக் கைவிடவில்லை. காரணம் கற்பிக்கும் பழக்கத்தையே மறுத்தார்.

இரண்டாவது எதிர்வாதம் கல்விப்புலத்திலிருந்து வருவது: வேதத்தையும் ஜெபத்தையும் நோயாளியின் அருகில் அனுமதித்தால் அவர் மருத்துவத்தைக் கைவிடுவார் என்பது. இந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ஜெபத்தை மருந்துக்கு மாற்றாக நிறுத்தும் குரல்கள் நாட்டில் உண்டு. குணப்படுத்தக்கூடிய நிலையிலிருந்த நோய் அதனால் முற்றிவிடுவதும் உண்டு. ஆனால் அக்குரல்களுக்கு எதிரான வலுவான சான்று வேதத்துக்குள்ளேயே இருக்கிறது. 2 இராஜாக்கள் 20ஆம் அதிகாரத்தில் மரணப்படுக்கையில் இருந்த எசேக்கியா சுவரை நோக்கித் திரும்பி அழுது ஜெபிக்கிறார். 15 ஆண்டுகள் கூடுதல் ஆயுள் வாக்களிக்கப்படுகிறது. வாக்களித்த அதே தீர்க்கதரிசி ஏசாயா, அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து புண்ணின்மேல் வைக்கச் சொல்கிறார். ஜெபமும் மருந்தும் ஒரே அதிகாரத்தில், ஒரே மனிதரின் வாயிலாக வருகின்றன. பதினைந்து ஆண்டு என்பதும் ஒரு வரையறைதான். எசேக்கியாவும் பின்னர் இறந்தார். சுகம் என்ற சொல்லுக்கு வேதம் தரும் பொருள் இவ்வளவு நிதானமானது. நோயாளியிடம் மருத்துவ அறிவை மட்டும் சொல்லிப் பயனில்லாத இடத்தில், இந்த அதிகாரத்தைத் திறந்து காட்டும் ஒரு போதகர் பெரும் உதவி செய்யக்கூடும்.

விசுவாசத்தின் பாரத்தை யார் சுமப்பது என்பதும் எண்ணத்தக்கது. மாற்கு 2ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரரை நால்வர் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்குகின்றனர். இயேசு கண்டதாக அங்கே கூறப்படுவது அவர்களுடைய விசுவாசம். படுத்திருந்தவருடையது என்று தனித்துச் சொல்லப்படவில்லை. ஒரு பன்மை விகுதியின் வேறுபாடுதான். ஆயினும் வாய்ப்புண்ணால் பாட முடியாமல், மருந்து மயக்கத்தால் படிக்க முடியாமல் கிடப்பவருக்கு அது பெரிய வேறுபாடு. அவரால் ஜெபிக்க முடியாத நாளில் அவருக்காக ஜெபிப்பது சபையின் வேலை. அன்று அவரிடம் விசுவாசம் உண்டா என்று அளந்து பார்க்க வேண்டியதில்லை.

சொல் மாறினால் நடைமுறையும் மாறும் என்பதற்குத் திருச்சபை வரலாற்றிலேயே சான்று உண்டு. தமிழ்க் கத்தோலிக்கர் முன்பு அவஸ்தைப்பூசுதல் என்று வழங்கிய அருட்சாதனம் இன்று நோயில்பூசுதல் எனப்படுகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழியில் ஆறாம் பவுல் 1972இல் அச்சடங்கைச் சீரமைத்தபின், சாகும் தறுவாயில் இருப்போர்க்கு உரியதாகக் கருதப்பட்ட எண்ணெய்ப்பூசுதல் கடும் நோயுற்ற எவருக்கும் உரியதாயிற்று. பழைய பெயர் நிலவியபோது குருவானவர் வீட்டுக்குள் நுழைந்தாலே மரணம் உறுதி என்று குடும்பம் கலங்கும். புதிய பெயர் உயிரோடிருப்பவரின் பக்கம் சடங்கைத் திருப்பியது. மருத்துவத்திலும் இதற்கு இணையான நிலை உண்டு. 1967இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், கிறிஸ்தவ விசுவாசத்தால் உந்தப்பட்டவர். உடல், மனம், உறவு, ஆன்மா ஆகிய அனைத்தும் சேர்ந்ததே நோயாளியின் வலி என்று கற்பித்தார். 1993இல் கோழிக்கோட்டில் வேரூன்றிய வலிதணிப்பு இயக்கம் அச்சிந்தனையை இந்தியச் சூழலுக்குக் கொண்டுவந்தது. ஆயினும் வலிதணிப்பு மருத்துவம் என்றவுடன் கைவிடப்பட்டோருக்கானது என்றே குடும்பங்கள் இன்றும் அஞ்சுகின்றன. சிகிச்சையின் தொடக்கத்திலேயே அது தரப்பட வேண்டும் என்பதை மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

செய்யத்தக்கவை எளியவை. சாட்சி நேரத்தில், முடிவு தெரியாத நிலையில் இருப்பவரும் எழுந்து பேசலாம் என்று சபை அறிவிக்கலாம். அவர் பேச்சை வெற்றியில் முடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதிருக்கலாம். ஞாயிறு வாசிப்பில் முறையீட்டுச் சங்கீதங்களை முழுமையாக வாசிக்கலாம். துதிக்குத் திரும்பும் வசனங்களை மட்டும் தெரிந்தெடுக்கும் வழக்கத்தைக் கைவிடலாம். வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் ஜெபக்குழு வீட்டில் கூட்டமாக நுழைவதைத் தவிர்த்து, தொலைபேசியில் ஒரு சங்கீதத்தை வாசித்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். மறுபரிசோதனைக்குப் போகும் நாளை ஜெபக்குறிப்பில் சேர்த்தால், மருத்துவமனைக்குப் போவது அவிசுவாசம் என்ற எண்ணம் தானே நீங்கும். வெளிமாநிலத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் நோயாளிகளின் மொழியில் வேதம் வாசிக்கக்கூடிய ஒரு மாணவரையோ செவிலியரையோ அவ்வூர்ச் சபைகள் தேடிக் கொடுக்கலாம். வேலூர் போன்ற ஊர்களில் பல மாநில மாணவர்கள் பயில்வதால் இது கடினமன்று.

இறையியல் கல்லூரிகளும் மொழியியல் துறைகளும் இதில் சேர்ந்து பணியாற்ற இடமுண்டு. சிகிச்சையில் இருக்கும் கிறிஸ்தவர்கள் எவ்வாறு ஜெபிக்கிறார்கள், எந்தச் சொற்களைத் தவிர்க்கிறார்கள், எதை வீட்டில் சொல்லிச் சபையில் மறைக்கிறார்கள் என்பது பற்றிய ஆய்வு இந்திய மொழிகளில் விரிவாக நடைபெற வேண்டும். அத்தகைய ஆய்வு நோயாளியின் உடன்பாட்டோடும் அவர் களைப்புக்கு மதிப்பளித்தும் செய்யப்பட வேண்டும். அதற்கு முன்பே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த ஞாயிறு, கீமோ இடைவெளியில் ஆலயத்துக்கு வந்திருப்பவரிடம் நலமா என்று கேட்டுவிட்டு, அவர் உண்மையான விடையைச் சொல்லி முடிக்கும்வரை அருகில் அமர்ந்திருக்கலாம்.